ஜப்பான் ஹைபிரிட் காரின் செட்டில் எம்பி3 பிளேயரை இணைப்பது எப்படி?

கேள்வி இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவர் 2015 டொயோட்டா அக்குவா ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். உள்ளே இருப்பது ஜப்பானில் டீலர் பொருத்திய நவி செட் (வழிகாட்டும் மேப் திரையோடு கூடிய ரேடியோ). முகப்பில் 3.5 மி.மீ. துவாரமும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை. கையிலிருக்கும் சின்ன எம்பி3 பிளேயரையும் போனையும் அதில் கேட்க வேண்டும். ஒரு கடையில் ஸ்பீக்கர் வயரை வெட்டி ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கடையில் செட்டையே கழற்றி ஆண்ட்ராய்டு செட் போடச் சொல்கிறார்கள். இதனால் ஹைபிரிட் பாகங்களுக்குக் கேடு வருமா என்பது அவருடைய பயம்.

வயரை வெட்ட விடாதீர்கள். செட்டை மாற்றவும் அவசரப்பட வேண்டாம். இந்த வகை செட்கள் பலவற்றில் வெளியிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும் சொக்கெட் பின்பக்கத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதில் செருகும் வயர் ஜப்பானில் தனிக் காசுக்கு விற்கப்பட்டது. முதல் உரிமையாளர் அதை வாங்கியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

ஹைபிரிட் பற்றிய பயத்தை முதலில் தீர்ப்போம். அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ட். இன்வேர்ட்டர் அதை 520 வோல்ட் வரை உயர்த்துகிறது. அந்த மின்சாரம் போகும் கேபிள்கள் எல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். செட் இருக்கும் இடத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. செட் ஓடுவது சாதாரண 12 வோல்ட் பற்றரியில். அக்குவாவில் அது பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் டிக்கிக்குள், வலது மூலையில். டாஷ்போர்ட்டுக்குள் நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டியது மஞ்சள் நிற பிளக்குகளுக்கு. அவை எயார்பேக்குக்குப் போகிறவை. கழற்றவும் கூடாது, அவற்றோடு எதையும் சேர்த்துக் கட்டவும் கூடாது.

ஹைபிரிட் என்பதால் வரும் தொல்லைகள் வேறு. ஒன்று, கார் சத்தமே இல்லாமல் ரெடி நிலையில், அதாவது ஓடத் தயாரான நிலையில், நிற்கும். ஓடவில்லை என்று நினைத்து வேலை செய்துகொண்டிருக்கும்போது என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகலாம். ஆகவே வேலை தொடங்கும்போது சாவியைக் காருக்குள் வைத்திருக்காமல் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். மற்றது, அந்த 12 வோல்ட் பற்றரி சிறியது. என்ஜினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை என்பதால் அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அது இறங்கிவிட்டால் கம்ப்யூட்டர் எழும்பாது, கார் ரெடிக்கு வராது. பெரிய பற்றரி நிறைய இருந்தும் பயனில்லை. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் வருவது ஏசிசி நிலை. அதில் வைத்துப் பாட்டுக் கேட்கும்போது செலவாவது அந்தச் சின்னப் பற்றரிதான், அதை யாரும் சார்ஜ் செய்வதில்லை. காலிமுகத்திடலில் காரை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் பாட்டுக் கேட்பதென்றால் ரெடியில் வைத்துக் கேளுங்கள். தேவைப்படும்போது என்ஜின் தானாக ஓடி நிற்கும்.

இனி செட். கழற்றுவதற்கு முன் திரையில் பாருங்கள். எழுத்துகள் ஜப்பான் மொழியில் இருந்தாலும் ஓடியோ மூலங்களைத் தெரிவு செய்யும் பக்கத்தில் யூஎஸ்பி, விடிஆர், ஓக்ஸ், புளூடூத் போன்றவை ஆங்கிலச் சுருக்கங்களிலேயே இருக்கும். விடிஆர் என்ற பட்டன் இருந்தால் பாதி வேலை முடிந்தது: ஒலி உள்ளே வரும் வழி அதுதான். பட்டன் மங்கலாக இருந்தால் வயர் செருகப்படவில்லை, அல்லது செட்டிங்கில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. போனின் மொழிபெயர்ப்புக் கமராவைத் திரைக்குப் பிடித்தால் செட்டிங் பக்கங்களை வாசித்துவிடலாம். புளூடூத் பட்டன் வேலை செய்தால் டாஷ்போர்ட்டைத் தொடவே தேவையில்லாமல் போகலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

கழற்றுவதாக முடிவெடுத்தால் ஒரு விடயத்தை எல்லாவற்றுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். கொழும்பில் இந்த செட்கள் வீணாவதற்குப் பெரிய காரணம் இதுதான். டொயோட்டா நவி செட்கள் பலவற்றில் திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறது. செட்டுக்குப் போகும் 12 வோல்ட் ஒரு தடவை துண்டிக்கப்பட்டால், மறுபடி போடும்போது கோட் கேட்கும். சிலவற்றில் ஈஆர்சி என்று ஒரு இலக்கம் காட்டி நிற்கும். சில, மேப் எஸ்டி கார்ட்டைப் போடு என்று நிற்கும். அந்தக் கார்ட் ஜப்பானிலேயே தொலைந்திருக்கலாம், அல்லது இங்கே யாரோ பாட்டு ஏற்றுவதற்கு அழித்திருக்கலாம். ஹொண்டா செட்களிலும் கோட் கேட்பவை உண்டு. திறந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது இன்னொரு செலவு, இன்னொரு அலைச்சல்.

பற்றரியைக் கழற்றினால் மட்டும்தான் பூட்டு விழும் என்று நினைக்கக் கூடாது. செட்டின் பின்னால் இருக்கும் பெரிய பிளக்கை இழுத்தாலும் அதே கதைதான். காரின் செட்டிங்குகள் மறந்து போகாமல் இருக்க ஓபிடி சொக்கெட்டில் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் துவாரத்தில்) போடும் மெமரி சேவரும் இங்கே உதவாது: அது பற்றரி மாற்றும்போது காருக்கு மின்சாரம் கொடுக்கும், பிளக் இழுக்கப்பட்ட செட்டுக்குக் கொடுக்காது. கோட் உங்கள் கையில் இல்லையென்றால் பூட்டு இருப்பதாகவே வைத்துக்கொண்டு, பெரிய பிளக்குகளைக் கழற்றாமலே வேலையை முடிக்க வேண்டும். விடிஆர் வயரைச் செருக அது போதும்.

செய்யும் முறை இப்படி. காரை அணைத்து, சாவியை அப்புறப்படுத்தி, சில நிமிடம் விடுங்கள். கியர் பகுதி, டாஷ்போர்ட் விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அக்குவாவின் பிளாஸ்டிக் சீக்கிரம் கீறும். செட்டைச் சுற்றியுள்ள சட்டம் கிளிப்பில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்பியை விளிம்பில் விட்டு ஒரு மூலையிலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். இரும்பு ஸ்குரூட்ரைவர் வேண்டாம். பின்னால் ஹஸார்ட் ஸ்விட்ச் போன்றவற்றின் வயர்கள் தொங்கலாம், சடாரென்று இழுக்காதீர்கள். டொயோட்டாவில் செட் பெரும்பாலும் 10 மி.மீ. தலையுள்ள நான்கு போல்ட்டில் நிற்கும். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அரை நாள் போய்விடும். காந்த முனையுள்ள சொக்கெட் வைத்திருப்பது நல்லது.

போல்ட்களைக் கழற்றியதும் செட்டை 10, 15 சென்ரிமீற்றர் முன்னுக்கு இழுத்து, கீழே ஒரு துணியை மடித்து வைத்து அதில் சாய்த்துவிடுங்கள். டோர்ச் அடித்துப் பின்பக்கத்தையும் பக்கவாட்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும் போனில் படம் எடுங்கள். ஸ்டிக்கரில் செட்டின் மாடல் இலக்கம் இருக்கும். மறுபடி எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தப் படத்தோடு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். "அக்குவாவுக்கு விடிஆர் வயர்" என்று கேட்டால் கையில் கிடைப்பதைத் தருவார்கள். அதே அக்குவாவில் வெவ்வேறு கம்பனி தயாரித்த செட்கள் வந்திருக்கின்றன. பிளக்கின் வடிவம் பொருந்துவதால் மட்டும் உள்ளே உள்ள வயர் வரிசையும் பொருந்தும் என்றில்லை. மாடல் இலக்கத்துக்கு ஏற்ற வயரைத்தான் வாங்க வேண்டும். வாங்கி வந்து, அதே முறையில் மறுபடி திறந்து செட்டின் பின்னால் செருகுங்கள்.

அந்த வயரின் மறுமுனை பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஆர்சிஏ துவாரங்களில் முடியும். சிவப்பு வலது, வெள்ளை இடது, மஞ்சள் வீடியோ. உங்களுக்குத் தேவை சிவப்பும் வெள்ளையும் மட்டும். ஒரு முனையில் 3.5 மி.மீ. பிளக்கும் மறுமுனையில் சிவப்பு வெள்ளையும் உள்ள 1.5 மீற்றர் ஸ்டீரியோ கேபிள் வாங்கினால் குளோவ் பொக்ஸ் வரை தாராளமாக வரும். மஞ்சளைச் சும்மா தொங்க விடாமல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

சில செட்களில் ஆர்சிஏ இல்லாமல் நான்கு வளையமுள்ள 3.5 மி.மீ. துவாரம் இருக்கும். சிக்கல் அதிகம் வருவது இங்கேதான். இடது, வலது, கிரவுண்ட், வீடியோ என்ற நான்கும் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கிரவுண்ட் சிலவற்றில் மூன்றாவது வளையத்தில், சிலவற்றில் அடியில். தவறான கேபிளைப் போட்டால் ஒரு பக்கம் மட்டும் பாடும், அல்லது பாடகரின் குரல் கிணற்றுக்குள் போனது போலாகி இசை மட்டும் கேட்கும். செட் பழுது என்று நினைக்க வேண்டாம். மல்டிமீற்றரில் தொடர்ச்சி பார்த்து, செட்டின் உலோக உடலோடு சேரும் வளையம் எதுவென்று கண்டுபிடித்தால் எந்தக் கேபிள் தேவை என்பது தெரிந்துவிடும்.

கேபிளை குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் கொண்டுபோவதுதான் நல்லது. சாரதியின் கால் பக்கமாக இழுத்தால் என்றோ ஒரு நாள் தொங்கிப் பெடலில் மாட்டும். ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போட்டு, பிளாஸ்டிக்கில் முட்டும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். பெற்றோல் என்ஜின் நின்று மோட்டரில் போகும்போது அந்த மெல்லிய கடகடச் சத்தம் தெளிவாகக் கேட்கும், பிறகு அதற்காகவே மறுபடி கழற்றுவீர்கள். மூடுவதற்கு முன் கழற்றிய ஸ்விட்ச் வயர்களை எல்லாம் திரும்பச் செருகிவிட்டு ஏசிசியில் போட்டு விடிஆரைத் தெரிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

ஒலி அளவை பிளேயரில் முக்கால்வாசிக்கு மேல் வைத்து, மீதியை செட்டில் கூட்டுங்கள். பிளேயரைக் குறைத்து செட்டை முழுக்க ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். எப்எம்முக்கு மாற்றும்போது காதும் போகும். பிளேயரை முழு அளவில் வைத்தால் சிலவற்றில் டிரம் சத்தம் கிழியும்.

இப்போது இரைச்சல். பிளேயர் தன் பற்றரியில் ஓடும்போது சுத்தமாக இருக்கும். கார் சார்ஜரில் போட்டதும் 'ஙீ' என்ற மெல்லிய சத்தம் வரும், சில வேளை அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும். ஹைபிரிட்டில் வழமையான ஆல்டர்னேட்டர் இல்லை. 12 வோல்ட்டைத் தருவது டிசி-டிசி கன்வேர்ட்டர்; இன்வேர்ட்டரோடு சேர்ந்து அதுவும் வேகமாக ஸ்விட்ச் செய்து வேலை செய்வதால் லைனில் மின்னழுத்த அலைவு உண்டு. சார்ஜர் வழியாக ஒரு கிரவுண்ட், ஓடியோ கேபிள் வழியாக இன்னொரு கிரவுண்ட் என்று பிளேயருக்கு இரண்டு பாதை கிடைக்கும்போது அது பாட்டோடு கலந்துவிடுகிறது. சோதிப்பது சுலபம்: சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் கிரவுண்ட் லூப்தான். ஓடியோ கேபிளுக்கு நடுவே 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் போகும். மிக மலிவானவற்றில் உள்ளே உள்ள ட்ரான்ஸ்போமர் சிறியது. தவில், பேஸ் சத்தங்கள் மெலிந்துவிடும். பாட்டுக் கேட்கும்போது சார்ஜ் செய்யாமல் இருப்பது இதைவிடச் சிறந்த வைத்தியம், செலவும் இல்லை.

புளூடூத் ரிசீவர் போன்ற சின்ன மொடியூலை உள்ளே நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் மின்சாரத்தை ஏசிசி லைனிலிருந்து எடுங்கள். எப்போதும் உயிரோடு இருக்கும் பற்றரி லைனிலிருந்து எடுக்கக் கூடாது. 30 மில்லி அம்பியர் மட்டும் இழுக்கும் மொடியூல்கூட ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி தின்னும். மூன்று வாரம் வெளிநாடு போய்த் திரும்பினால் 15 அம்பியர் மணி போயிருக்கும், காரின் சொந்தச் செலவு தனி. அந்தச் சின்னப் பற்றரிக்கு அது தாங்காது. பியூஸ் பெட்டியில் செருகும் பியூஸ் டெப் ஒன்றில் 2 அம்பியர் பியூஸ் போட்டு எடுப்பது சுத்தமான வழி. சிகரட் லைட்டர் பியூஸ் பொருத்தமானது. எயார்பேக், ஐஜிசிடி, ஈசியூ என்று குறித்துள்ள பியூஸ்களைத் தொடாதீர்கள். ஐஜிசிடி ஹைபிரிட் கட்டுப்பாட்டுக்கு உரியது. வயரை நறுக்கி இணைக்கும் நீல நிறக் கிளிப்களையும் தவிர்க்கலாம், கொழும்பின் கடற்காற்றில் இரண்டொரு வருடத்தில் பச்சை பூத்துவிடும்.

விடிஆர் வேண்டாம், யூஎஸ்பி சொக்கெட் இருக்கிறது என்பவர்களுக்கு: எம்பி3 பிளேயரை நேரே யூஎஸ்பியில் செருகினால் கார் அதைப் பென் டிரைவாகப் பார்க்க வேண்டும். பல பிளேயர்களில் எம்டிபி, எம்எஸ்சி என்று இரண்டு நிலை உண்டு. எம்டிபியில் இருந்தால் இந்த செட்கள் வாசிக்காது. பிளேயரின் மெனுவில் எம்எஸ்சிக்கு, அதாவது பென் டிரைவ் போலத் தெரியும் நிலைக்கு, மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டதால் அவை இப்படி ஓடாது. பென் டிரைவ் என்றால் 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்தது, ஃபெட் 32 ஆக ஃபோமட் செய்தது. எக்ஸ்ஃபெட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் பழைய செட் "வாசிக்க முடியாது" என்று தள்ளிவிடும். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தால் திரையில் வெறும் கட்டங்கள்தான் வரும், ஜப்பான் செட்டில் தமிழ் எழுத்துரு இல்லை. கோப்பின் பெயரையும் உள்ளே உள்ள டெக்கையும் (பாட்டு, பாடகர் பெயர்க் குறிப்பையும்) ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 001, 002 என்று இலக்கம் போட்டால் வரிசையும் குழம்பாது. மெக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் புள்ளி-அடிக்கோட்டில் தொடங்கும் மறைந்த கோப்புகளும் கூடவே போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே செட் தடுமாறுவதற்கு அதுதான் காரணம், அழித்துவிடுங்கள்.

புளூடூத்தில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். செட்டில் பழைய உரிமையாளரின் போன்கள் நிறைந்திருந்தால் புதியதைச் சேர்க்காது. முதலில் அவற்றை நீக்குங்கள். இலக்கம் கேட்டால் 0000 அல்லது 1234. போன் அழைப்புக்கு மட்டும் புளூடூத் உள்ள செட்களும் உண்டு, அதில் பாட்டு வராது. எம்பி3 பிளேயரில் சின்னப் புளூடூத் ட்ரான்ஸ்மிட்டரைச் செருகிக் காரோடு இணைக்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் காரில் சோதித்துப் பாருங்கள். பல கார்கள் அழைப்பு எடுக்கக்கூடிய போனையே முதலில் எதிர்பார்க்கின்றன. பாட்டு மட்டும் அனுப்பும் கருவியை ஏற்பதில்லை.

பிளேயரின் பாட்டை வானொலி அலையாகக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் எப்எம் ட்ரான்ஸ்மிட்டர் கடைசி வழி. ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும் (பிந்திய சிலவற்றில் 95 வரை). இங்கே விற்கும் ட்ரான்ஸ்மிட்டர் 87.5 முதல் 108 வரை. இரண்டுக்கும் பொதுவானது 87.5 முதல் 90 வரை உள்ள சின்ன இடைவெளி. கொழும்பின் நெரிசலில் அங்கே வெற்றிடம் தேட வேண்டும். உள்ளூர் வானொலி கேட்பதற்காக அன்ரெனா வயரில் பேன்ட் கன்வேர்ட்டர் (அலைவரிசையை ஜப்பான் ரேடியோ பிடிக்கும் அளவுக்கு இறக்கும் கருவி) போட்டிருந்தால் கணக்கு மாறும். 12 மெகாஹேர்ட்ஸ் இறக்கும் கன்வேர்ட்டர் என்றால் ட்ரான்ஸ்மிட்டரில் 100.0 வைத்து ரேடியோவில் 88.0 தேட வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றுவிடுவதால்தான் "ட்ரான்ஸ்மிட்டர் வேலை செய்யவில்லை" என்று பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் எப்எம் ஒலி 15 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும்.

2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு வந்த ரைஸ், யாரிஸ் குரோஸ், புதிய வெசல் போன்றவற்றில் பெரும்பாலும் இந்தப் பாடு எதுவும் இல்லை. அங்கே வரும் குறை, சார்ஜ் மட்டும் செய்யும் யூஎஸ்பி துவாரத்தில் பிளேயரைச் செருகிவிட்டு "வாசிக்கவில்லை" என்பது. தரவு போகும் துவாரம் பொதுவாக ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் குறி இருக்கும், இல்லாவிட்டால் கையேட்டில் இருக்கும். சார்ஜுக்கு மட்டுமான மலிவுக் கேபிளும் அதே குறையைக் காட்டும். அந்தக் கார்களில் செட்டோடு கமராவும் வாகன செட்டிங்குகளும் பிணைந்திருப்பதால், கழற்றி ஆண்ட்ராய்டு போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏஜெண்டின் வாரண்டி உள்ள காரில் எந்த வயரை வெட்டுவதற்கு முன்னும் அவர்களிடம் கேளுங்கள்.

பழைய அக்குவாவில், செட் ஏற்கனவே பூட்டிக்கிடந்தால் அல்லது பின்னால் விடிஆர் சொக்கெட்டே இல்லையென்றால், மாற்றுவது நியாயம். 200 மி.மீ. அகலமான டொயோட்டா அளவு செட்டை வாங்குங்கள், 180 மி.மீ. சாதாரண அளவு வாங்கினால் இரு பக்கமும் இடைவெளி விழும், அடைக்கத் துண்டு வேண்டும். சக்தி ஓட்ட அளவு காட்டும் திரை அக்குவாவில் மீற்றர் பக்கம் இருப்பதால் அது போகாது. (இரண்டாம் தலைமுறை பிரியஸில் அந்தத் திரையும் ஓடியோவும் ஒன்றோடொன்று பிணைந்தவை, அங்கே திரையை மாற்றாமல், சீடி சேஞ்சர் சொக்கெட்டில் செருகும் அடாப்டரைத் தேடுவதுதான் சரி.) டொயோட்டாவின் 10 பின், 6 பின் பிளக்குகளுக்கு ஏற்ற மாற்று வயர்களோடு செட் வர வேண்டும், அப்போது காரின் வயரில் கத்தி படாது. ஸ்டியரிங் பட்டன்களுக்குத் தனி பிளக் உண்டு, அதையும் கேட்டு வாங்கிப் புதிய செட்டில் ஒவ்வொரு பட்டனாகப் பதிய வேண்டும். ரிவர்ஸ் கமரா டொயோட்டா போட்டதென்றால் அது 6 வோல்ட்டில் ஓடுவது. புதிய செட்டின் 12 வோல்ட் வயரை நேரே கொடுத்தால் கமரா எரிந்துவிடலாம். இடையில் 6 வோல்ட்டுக்கு இறக்கும் அடாப்டர் இருக்கிறதா என்று பொருத்துகிறவரிடம் முன்கூட்டியே கேட்டு, பொருத்தும்போது கூடவே நின்று பாருங்கள்.